மீனாட்சியின் முழங்கால்

மெர்டேக்காவுக்கு, இந்த நாட்டின் சுதந்திர தினத்துக்கு, இன்னும் பத்து நாள் இருக்கிறது. கம்போங் செட்டிக் கோயில் வாசலில் பிள்ளைகள் சூலானைச் சுற்றி உட்கார்ந்து காகிதக் கொடி ஒட்டுகிறார்கள். தெங்கேராவிலிருந்து சைக்கிளில் வரும் சீனப் பெண் அவள். என்னைப் போலவே சம்பளம் வாங்காமல் இவர்களுக்குப் பாடம் சொல்லித்தருகிறாள்.

நான் இவர்களுக்குத் தமிழ் கற்பிக்க மதுரையிலிருந்து கடல் தாண்டி வந்தவள். தலைமுறைகளாக இங்கேயே இருந்து தமிழை விட்டுவிட்ட குடும்பங்கள், ஆனாலும் என் சாமியைக் கும்பிடுகிற பிள்ளைகள். நெற்றியில் திருநீறு, ஒருத்திக்குப் பெயர் மீனாட்சி, வாயைத் திறந்தால் மலாய். நான் கூப்பிட்டாலும் சூலானிடம்தான் ஓடுகிறார்கள். பலகையில் நான் எழுதிய 'அ' காலையிலிருந்து தனியாகக் காய்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

மீனாட்சி கொடியோடு ஓடிவந்து என் காலடியில் விழுகிறாள். முழங்காலில் ரத்தம். தூக்குகிறேன். "சாக்கிட், சாக்கிட்" என்று அழுகிறாள். எனக்குப் புரியவில்லை. "அழக்கூடாது" என்கிறேன். அவள் கை சூலான் பக்கம் நீள்கிறது.

கோயிலைக் கூட்டிக்கொண்டிருக்கும் மாணிக்கம், புக்கிட் ரம்பாய்த் தோட்டத்திலிருந்து வந்த தமிழர், நிமிர்கிறார்.

"வலிக்குதுன்னு சொல்லுது டீச்சரம்மா. மூணு மாசமா இங்கதானே இருக்கீங்க, இது கூடவா வெளங்கல?"

எனக்கு முகம் சுடுகிறது. குனிந்து முழங்காலைத் தொட்டு, "சாக்கிட்?" என்று கேட்கிறேன். என் மதுரை நாக்கில் அது எப்படி விழுந்ததோ, மீனாட்சி அழுகையோடு சிரித்துவிடுகிறாள். என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.

காயத்துக்கு மருந்து தேட வேண்டும். அதற்கு முன்னால், சூலான் பார்த்தாளா என்று பார்த்துக்கொள்கிறேன்.