ஒன்பதடிக் கிணறு

2024ஆம் ஆண்டு நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் தூறல். செஞ்சிக் கோட்டை மலையான இராஜகிரியின் உச்சி பத்து மணிவரை கண்ணுக்குத் தெரியவில்லை. கிணற்று வேலைக்குப் போக இயலாத நாளாதலால் பெரியதம்பி வீட்டில் இருந்தார். அவருடைய வாழ்க்கையை எழுத விரும்புவதாக நான் முன்னர் இரண்டு முறை சொன்னபோது, "நம்மகிட்ட இன்னா சார் இருக்குது எழுத?" என்று நழுவியவர், அன்று தாமாகவே பேசத் தொடங்கினார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. பிறந்தது வல்லத்துக்கு அருகில். குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலமும் இருந்ததில்லை. பிறர் நிலங்களில் கிணறு வெட்டியே தந்தையார் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பெரியதம்பியும் அதே தொழிலுக்கு வந்தார். அவருடைய மகள் மணிமொழி இன்று திண்டிவனத்தில் செவிலியராகப் பணியாற்றுகிறார்.

செஞ்சிப் பகுதியில் பத்தடி மண்ணுக்குக் கீழே பாறை. பாறையின் வெடிப்பில்தான் ஊற்று. தண்ணீர் போதவில்லையென்றால் இன்னும் ஆழம் போக வேண்டும் என்பதே இங்குக் கிணறு வெட்டுவோர் அறிந்த விதி. பெரியதம்பியின் குழுவுக்கு ஒரு வழக்கமும் உண்டு. பேசிய ஆழம் முடிந்தபின், கூலி வாங்காமல் மேலும் ஒரு முழம் வெட்டிக் கொடுப்பார்கள். அதற்குத் 'தாகத்து முழம்' என்று பெயர். அந்த நல்ல வழக்கமே அவரை ஒருமுறை பெருந்துன்பத்தில் தள்ளியது.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒப்பந்தக்காரர் ஒருவர் பெரியதம்பியையும் அவருடைய மைத்துனர் தனசேகரனையும் வேறு மூவரையும் அந்தமானுக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்து ஒரு நாள் படகுப் பயணத்தில் இருந்த ஒரு சிறு தீவில் கிணறு வெட்ட வேண்டும். தீவின் நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர். குறுக்கே நடந்தால் பத்து நிமிடம். மலை இல்லை, ஆறு இல்லை, பாறையும் இல்லை. முழுவதும் பவளம் பொடிந்த மணல். தென்னந்தோப்பு வேலைக்காக முப்பது ஆண்டுகளுக்கு முன்பு வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. மொத்தம் பத்தொன்பது வீடுகள். சுற்றிலும் கடல் இருந்தும் அவர்கள் கரையோரம் வீடு கட்டாமல் தீவின் நட்ட நடுவில் நெருக்கியடித்துக் கட்டியிருந்தது பெரியதம்பிக்கு வியப்பாக இருந்தது. ஆனால் அவர் காரணம் கேட்கவில்லை.

பழைய கிணறு இடிந்து தூர்ந்துவிட்டது. புதிய கிணற்றுக்கு இடம் காட்டியவர் சுந்தராம்பாள் என்னும் அறுபத்தைந்து வயதுப் பெண்மணி. கிணற்றின் பொறுப்பு அவருடையது. "ஒம்பது உறை இறக்குங்க தம்பி. அதுக்குக் கீழ வேணாம்" என்றார். கிணற்றுக்குள் இறக்கும் சிமெண்ட் வளையமான உறை, ஒவ்வொன்றும் ஓர் அடி உயரம்.

நான்கே நாள்களில் ஒன்பதடி முடிந்தது. ஏழாவது அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது, இளநீர்போல் இனித்தது. தனசேகரன் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னா மச்சான், இது கிணறா, வாழைக் கன்னு வைக்கிற குழியா? ஊர்ல சொன்னா காறித் துப்புவான்."

மூன்று உறைகள் மிச்சம் இருந்தன. தாகத்து முழம் ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்கலாம் என்று பெரியதம்பி முடிவு செய்தார். மறுநாள் சுந்தராம்பாள் கொப்பரை காயவைக்கத் தோப்புக்குப் போயிருந்த நேரத்தில், டீசல் மோட்டாரால் தண்ணீரை இறைத்துக்கொண்டே பன்னிரண்டடிவரை இறக்கினார்கள். இறைக்க இறைக்கத் தண்ணீர் பொங்கியது. செஞ்சியில் அப்படி ஓர் ஊற்றைக் கண்டால் தேங்காய் உடைப்பார்கள். இவர்களும் உடைத்தார்கள்.

மாலையில் சுந்தராம்பாள் ஒரு கை அள்ளி வாயில் வைத்தார், உடனே துப்பினார். உப்பு.

"யாரக் கேட்டுய்யா தோண்டினீங்க? இங்க அடியிலருந்து ஊத்து வராது. மேல பெய்யிற மழைதான் மணல்ல இறங்கி, கடத்தண்ணி மேல பால்மேல ஆடை மாதிரி நிக்குது. நடுவுலதான் ஆடை கொஞ்சம் தடிப்பு. அதனாலதான் நடுவுல குடியிருக்கோம். அதக் கிழிச்சுப்புட்டீங்களே!"

படகு பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். பருவமழைக்கு மூன்று மாதம் இருந்தது. வீட்டுக்கு இரண்டு மூன்று குடம் மழைநீரே மிச்சம். கிணறு தெளியாவிட்டால் பத்தொன்பது குடும்பங்களும் தீவை விட்டுப் போக வேண்டியதுதான்.

அன்றே கீழ் மூன்றடியையும் பவளக் கல்லாலும் அலசிய மணலாலும் நிரப்பத் தொடங்கினார்கள். மோட்டாரைக் கழற்றி மூட்டை கட்டினார்கள். இனிக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் சுந்தராம்பாள். படகு வந்தது. மற்ற நால்வரும் ஏறினார்கள்.

"வா மச்சான். நீ நின்னா மட்டும் உப்பு கரைஞ்சுடுமா?" என்று தனசேகரன் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ போ. தண்ணி தேறாம நான் வர்றதா இல்ல. உங்கக்காகிட்ட சொல்லிடு."

"அக்கா என்னைத்தான் வெளக்குமாத்தால அடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே தனசேகரன் படகேறினார்.

பெரியதம்பி நாள்தோறும் விடியற்காலையில் ஒரு குவளை மொண்டு சுவைத்துப் பார்ப்பார். பகலில் தீவுக்காரர்களுடன் தேங்காய் உரிப்பார். கூரைகளில் தகரக் குழாய் பொருத்தி மழைநீருக்கு வழி செய்வார். இளநீரையும் குடத்து மழைநீரையும் அளந்து குடித்தே எல்லோரும் நாளைத் தள்ளினார்கள். உப்பு நாளுக்கு நாள் மெல்ல இறங்கியது, ஆனால் நீங்கவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் கோடைமழை இரண்டு நாள் கொட்டியது. மூன்றாம் நாள் சுந்தராம்பாள் கிணற்றிலிருந்து ஒரு செம்பு மொண்டு போனார். சற்று நேரத்தில் ஒரு குவளைத் தேநீரைக் கொண்டுவந்து பெரியதம்பியின் கையில் கொடுத்து, எதிரிலேயே நின்றார்.

"எப்படியிருக்கு?"

"சர்க்கரை கம்மியா இருக்குதும்மா."

"சர்க்கரை படகுலதான் வரணும். உப்பு இருக்கா, அதச் சொல்லு."

"இல்லம்மா" என்றவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அடுத்த படகில் ஊர் திரும்பினார்.

ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும் செஞ்சிக்கு அருகிலுள்ள அனந்தபுரம் சந்தையில் ஒரு மூட்டை வேர்க்கடலை வாங்கி அந்தத் தீவுக்கு அனுப்புகிறார். அது போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தாம் பட்ட துன்பத்தைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் வருத்தத்தைவிட நன்றியே மிகுந்திருந்தது. எனக்கு அதன் காரணம் முழுமையாக விளங்கவில்லை. ஆதலால், கிணறு உப்பாகிக் கிடந்த அத்தனை நாளும் அவர்கள் உங்களைத் திட்டவில்லையா என்று கேட்டேன்.

"திட்டுனாங்க சார். அவங்க குடத்துலருந்து தண்ணியும் குடுத்தாங்க."