கெல்லருக்கு வெளிர் நீலம்

இவருடைய தம்பி, பீலெஃபெல்டில் வீடு வாங்கிவிட்டேன் என்று டெலிபோனில் சொன்னபோது, "நல்ல விசயம், சந்தோசம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ரிசீவரை வைத்துவிட்டுப் போய் அரைமணி நேரம் சட்டி பானை கழுவினேன். எனக்குப் பொறாமை வந்தால் முதலில் பாத்திரங்களுக்குத்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஜேர்மனிக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அகதி முகாமில் இருந்து, பிறகு மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு எடுத்து, அங்கேயே இருந்துவிட்டோம். தம்பியைக் காசு கட்டி இங்கே எடுத்துவிட்டது இவர். தங்கச்சிமாரைக் கரை சேர்த்ததும் இவர்தான். தம்பிக்குக் கனடாவில் அண்ணன்மார் உள்ள பெண் அமைந்தாள். வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, அவளுக்குத் தோட்டத்தோடு ஒரு வீடு. அதுவும் கெல்லரோடு.

எங்கள் கட்டடத்தில் கெல்லர் என்றால் நிலத்துக்குக் கீழே சைக்கிளும் பழைய மெத்தையும் போடும் இருட்டறை. அவர்களுடையது தரைக்கு ஓடு பதித்து, ஹீற்றர் பூட்டி, ஐம்பது பேரை இருத்திச் சாப்பாடு போடக்கூடிய மண்டபம். சுவருக்கு நிறம் பூசுவது மட்டும்தான் பாக்கி.

வீட்டைக்கூடப் பொறுத்திருப்பேன். என் பயமெல்லாம் மாமியைப் பற்றித்தான். இவருடைய அம்மா அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தா. "நீ இல்லாட்டி என்ர பிள்ளையள் தலையெடுத்திருக்க மாட்டினம்" என்று எனக்கு எழுதுவா. அந்த வரி மூத்த மருமகளாகிய எனக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். இனி குடிபுகும் வீடியோ கசற் மாமிக்குப் போகும். அந்தக் காலத்தில் பிறந்தநாளோ பெரியபிள்ளையானதுக்குச் செய்யும் சாமத்திய வீடோ எதுவானாலும் வீடியோ எடுத்து ஊருக்கும் லண்டனுக்கும் கனடாவுக்கும் அனுப்பாமல் எங்கள் ஆட்களுக்கு அது நடந்ததாகவே கணக்கில்லை. மாமி அந்த வீட்டைப் பார்ப்பா. அதற்குப் பிறகு எனக்கு என்ன எழுதுவா?

இந்த நிலைமையில் தம்பியின் மனைவி என்னைப் பெயின்ற் கடைக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு டொச் பாஷை அவ்வளவு வராது. டொக்டரிடமும், கந்தோரில் நேரம் குறித்துக் கூப்பிடும் ஒவ்வொரு டெர்மினுக்கும், நான்தான் கூடப்போய்ச் சொல்லிக்கொடுப்பேன். போதாததற்கு, சேலைக்குச் சட்டைத் துணி பொருத்துவதில் எனக்கு நல்ல கண் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

கடையில் நிற அட்டைகளை விரித்தாள். எடுத்த எடுப்பில் அவள் விரல் போய் நின்றது நெய் விட்ட சோறு மாதிரி ஒரு வெளிர் மஞ்சளில். நல்ல தெரிவு. அதுவே எனக்குக் கோபத்தைத் தந்தது.

"இது வடிவு, என்ன அக்கா? எண்டாலும் அந்த மனிசனை ஒருக்காக் கேளுங்கோவன், கெல்லருக்குச் சரிவருமோ எண்டு."

கேட்டேன். கடைக்காரர் வயதானவர், பொறுமைசாலி. ஜன்னல் சிறிதான கீழறைக்கு இந்த மஞ்சள்தான் சரி என்றார். பக்கத்திலிருந்த வெளிர் நீலத்தைத் தொட்டு, இதை மட்டும் பூசிவிடாதீர்கள், ரியூப் லைற் வெளிச்சத்தில் அறை குளிர்ந்துபோகும், இருப்பவர்கள் நோயாளிகள் மாதிரித் தெரிவார்கள் என்றார்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மஞ்சள் கீழ் வீட்டுக்கு ஊத்தையாத் தெரியுமாம். நீலம்தான் வெளிச்சம் குடுக்குமாம்" என்றேன்.

"அப்பிடியே? நல்ல காலம் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தன்" என்றாள். வாங்கிய நீலத்தில் பாதி வாளிகளை நானே கார்வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். மாமியின் கண்ணுக்கு அந்த மண்டபம் பிணவறை போலத் தெரியட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெட்கம் வரவில்லை. பொய் சொல்வானேன், கொஞ்சம் பசிகூட எடுத்தது.

குடிபுகுதல் ஒரு ஞாயிறு காலை. மேலே, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன கிறீம் நிறச் சுவருக்கு முன்னால், தம்பியும் அவளும் பட்டு உடுத்திப் பால் காய்ச்சினார்கள். வீடியோக்காரன் லைற்றைப் பிடித்துக்கொண்டு அவர்களையே சுற்றிச்சுற்றி வந்தான். சாப்பாடு கீழே. மூத்தவர்கள் என்றபடியால் பந்தி பார்ப்பது எங்கள் பொறுப்பு. இவர் சாம்பார் வாளியோடு நீலச் சுவர் ஓரமாக நடந்தார். பின்னால் நான் அப்பளத்தோடு. வீடியோக்காரன் எங்களையும் நன்றாகத்தான் எடுத்தான்.

கசற் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து இரண்டாம் வாரம் அது. தம்பி வீட்டிலிருந்து மாமிக்கு டெலிபோன் எடுத்தோம். பக்கத்து வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறா. வீட்டைப் பற்றி என்ன சொல்லப்போகிறாவோ என்று இவர் காதோடு என் காதையும் ஒட்டிக்கொண்டு நின்றேன். மாமி அழுதுகொண்டிருந்தா.

"எட மோனை, உனக்கு என்னடா செய்யுது? ஏன் இப்பிடிச் சாம்பல் பூத்தமாதிரி இருக்கிறாய்? தம்பி மேலே தங்கம்மாதிரி நிக்கிறான். நீ கீழே வருத்தக்காரன்மாதிரி வாளி தூக்கித் திரியிறாய். டொக்டரிட்டப் போனனியோ?"

"எனக்கு ஒண்டுமில்லையம்மா" என்றார் இவர்.

"அவளுக்கும் முகம் செத்துக் கிடக்குது. ரெண்டு பேரும் வேலை வேலையெண்டு ஓடுறியள், சமையல் ஒழுங்கா நடக்கிறேல்லைப் போல. ஃபோனைச் சின்னவளிட்டக் குடு."

அது சுவரின் குற்றம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நிறத்தை யார் தெரிவு செய்தது, கடைக்காரர் உண்மையில் என்ன சொன்னார் என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன்.

சின்ன மருமகள் ரிசீவரை வாங்கினாள். "ஓம் மாமி… ஓம், நானும் கவனிச்சனான்… நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. அத்தானையும் அக்காவையும் நான் பாத்துக்கொள்ளுறன்."

பத்து வருடமாக நான் மாமிக்குச் சொல்லிவந்த வசனம் அது. என் கண் முன்னாலேயே அவள் வாய்க்குப் போய்விட்டது. அவளில் ஒரு துளி நடிப்பு இருந்திருந்தால் அங்கேயே பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். இல்லை, உண்மையாகவே கவலைப்பட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்க, துவாயால் சுற்றிய ஒரு பானையோடு வந்து நின்றாள். ஆட்டெலும்பு ரசம். "மாமி சொன்னவ, கிழமைக்கு ஒருக்கா வைச்சுக் குடுக்கட்டாம்" என்றாள். இவர் ஒரு கோப்பை குடித்தார். பிறகு இன்னொரு கோப்பை. மூன்றாவதை என் பக்கம் நீட்டி, "நீரும் குடியுமன், நல்லாயிருக்கு" என்றார். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடித்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. நான் வைக்கிறதைவிட நன்றாக இருந்தது.