ஐந்து ஊசியோடு நின்றது

என் கணவரின் இடது குதிகாலில் இருந்த கறுப்புப் புள்ளியை முதலில் பார்த்தது நான்தான். தார் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அவர் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டினார். எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். வெறுங்காலோடு இறங்கி நடப்பார், வெறுங்காலோடுதான் கிளச்சையும் மிதிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கால் தேய்க்கிற கல்லால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிடுவேன். ஏழெட்டு மாதம் தேய்த்திருப்பேன். ஒருநாள் அதிலிருந்து ரத்தம் கசிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"தேய்ச்சதால வந்ததில்லம்மா" என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். நான் கேட்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தோலில் வந்த புற்றுநோய். குதிகால் சதையை வெட்டியெடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். தொடை இடுக்கில் எடுத்துப் பார்த்த நெறிக்கட்டிகளில் ஒன்றை நோய் எட்டியிருந்தது. புண் ஆறியதும் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார் டாக்டரம்மா. ஒரு வழி, எதுவும் செய்யாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. இன்னொன்று, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு வருஷம் ஊசி. ஊசி என்று சொன்னாலும் அது பாட்டிலிலிருந்து ஏற்றுகிற மருந்துதான். மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டத்தில் சேர்த்துவிடுவதாக அவரே சொல்லிவிட்டதால், பணத்தைக் காரணம் காட்டி ஒதுங்கவும் வழியில்லை.

"போட்டா திரும்பி வர்ற வாய்ப்பு குறையும். வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். போடாமலே நல்லா இருக்கிறவங்களும் உண்டு. இந்த மருந்து உடம்போட எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும். சில பேருக்கு அது சொந்த உடம்பையே தாக்கும். வீட்ல பேசி முடிவு பண்ணுங்க" என்றார்.

என் கணவர் ஒரே கேள்விதான் கேட்டார். "நா மறுபடி கிளச்சு மிதிக்க முடியுமா மேடம்?"

"பெரிய வண்டி வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

நான் மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. அவர் என்னை டீச்சரு என்றுதான் கூப்பிடுவார், கல்யாணமான நாளிலிருந்து. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விம்கோ நகர் பக்கத்தில் இரண்டு அறை வீடு. அந்த வீட்டுக்குள் பத்து நாள் இதே பேச்சுதான்.

"வோணாம் டீச்சரு. அதான் வெட்டி எடுத்துட்டாங்களே. நல்லா கீற உடம்புல இன்னாத்துக்கு மருந்த ஏத்திகினு?"

"நல்லா கீதுன்னு உனுக்கு எப்டித் தெரியும்? அந்தப் புள்ளியுந்தான் வலிக்கல."

அவரிடம் பதில் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். வகுப்பில் பிள்ளைகளை மடக்குகிற பழக்கம் வீட்டிலும் வந்தது.

கத்திவாக்கத்திலிருந்து அவருடைய தங்கை இறால் எடுத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணன் சொல்றத கேளு அண்ணி. அது உடம்பு, அது சொல்லட்டும்" என்றாள்.

"நாளைக்கு எதுனா ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்று கேட்டேன். அவள் சாப்பிடாமல் போய்விட்டாள்.

பதினோராம் நாள் நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சரி, போட்டுக்கிறேன். நீ துன்னாம கொள்ளாம கீறத பாக்க முடில."

எனக்காகத்தான் சம்மதித்தார். அது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டேன்.

முதல் நான்கு ஊசியும் லேசாகப் போயின. மெட்ரோவில் போவோம், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். கீழே சாலையில் நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்து, எது யார் ஓட்டுகிற வண்டி என்று சொல்லிக்கொண்டே வருவார். உடம்பு கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். "பாத்தியா?" என்று நான் பெருமையாகக் கேட்டேன்.

ஐந்தாவது ஊசிக்குப் பிறகு வயிற்றால் போக ஆரம்பித்தது. வெளியே சாப்பிட்டதால் என்றார். எத்தனை முறை என்று கேட்டால் நாலு, அஞ்சு என்பார். மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து வந்தபோது கழிவறை வாசலில் விழுந்து கிடந்தார். ஒட்டுப்போட்ட கால் வழுக்கியிருக்கிறது. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். "இப்பதான்" என்றார். ஆனால் தரையில் கழிந்தது காய்ந்துபோயிருந்தது.

மருந்து குடலைத் தாக்கிவிட்டது என்றார்கள். ஊசியை நிறுத்திவிட்டு, கிளம்பிய எதிர்ப்புச் சக்தியை அடக்க வேறு மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், வீட்டில் இரண்டு மாதம். முகம் ஊதிப் பெருத்தது, தூக்கம் போயிற்று. ஒருநாள் மோர் கொடுத்தேன். டம்ளரைச் சுவரில் வீசினார்.

"போதுமா? இப்ப திருப்தியா உனுக்கு?"

நான் தரையைத் துடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நா பேசல டீச்சரு. மாத்திர பேசுது" என்றார். தலையாட்டினேன். உள்ளே இல்லாத ஒன்றை எந்த மாத்திரையால் பேசவைக்க முடியும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு நல்ல காலமும் இருந்தது. உடம்பு தேறியது. ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் உட்கார்ந்து வண்டி எண் எழுதுகிற வேலைக்குப் போனார். ஸ்கேன் நாள் நெருங்கினால் மட்டும் இருவரும் பேசுவதைக் குறைத்துக்கொள்வோம். மூன்று ஸ்கேன் சுத்தமாக வந்தது. நான்காவதில் நுரையீரலில் புள்ளிகள்.

டாக்டரம்மா வேறொரு மருந்து பற்றிச் சொன்னார். கேட்கும் என்று உறுதியில்லை, முயற்சி செய்யலாம் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். முன்பு எல்லாவற்றுக்கும் நான்தானே பதில் சொன்னேன். நான் மேசையில் இருந்த காகிதங்களைப் பார்த்தேன்.

"வோணாம் மேடம். வலி இல்லாம பாத்துகினா போதும்" என்றார் அவர்.

திரும்பும்போது ரயிலில் அவரே கேட்டார். "இன்னா டீச்சரு, ஒண்ணியும் சொல்லல?"

"உன் உடம்பு. நீ சொன்னா சரி."

என் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். தண்டையார்பேட்டை தாண்டியும் எடுக்கவிடவில்லை.

அதன்பின் ஐந்து மாதம். கடைசி இரண்டு மாதம் அவர் தங்கை வந்து எங்களோடு இருந்தாள். நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அவள், வந்த பிறகு நான். முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். ஒரு விடிகாலை அவள் கை அவர் முதுகில் இருக்கும்போதே மூச்சு நின்றது. நான் அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து அவள் கிளம்பும்போது, "என் மேல கோவமா?" என்று கேட்டேன்.

பையைக் கீழே வைத்தாள். "இருந்திச்சு அண்ணி. ஆனா ஊசி போடாம வுட்டு இது வந்திருந்தா, ஏன் போடலன்னு உன்னத்தான் வந்து கேட்டிருப்பேன். நா அப்டிப்பட்டவதான்." சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மீதியிருந்த வலி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் கேட்டேன். நோய் திரும்பாமல் இருந்த அந்த ஒன்றரை வருஷம் ஐந்து ஊசியால் கிடைத்ததா, இல்லை, அவ்வளவு அவஸ்தையும் வீணா?

அவர் பழைய ஃபைலைக்கூடத் திறக்கவில்லை. "தெரியாதும்மா. யாராலயும் சொல்ல முடியாது. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட பேச எனக்கு மனசு வரல" என்றார்.

இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால், எதுவானாலும் அதோடு வாழப் பழகியிருப்பேன். மாத்திரைப் பட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் டாக்டரம்மா எழுந்து கதவுவரை என்னோடு வந்தார்.