சாவிக்கு வைத்த பொட்டு

பூட்டு போடுகிறவனை எந்த ஊரிலும் யாருக்கும் பிடிக்காது. என் பிழைப்போ பூட்டு போடுவதுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். எடை மேடை, கேன்டீன் டோக்கன், லோடு அனுப்புவது, டெஸ்டிங் லேப் என்று எங்கள் சாஃப்ட்வேர் எல்லாம் இப்போது கிளவுடில் ஓடுகின்றன. கிளவுட் என்றால் ஒன்றுமில்லை, எங்கேயோ இருக்கிற வாடகைக் கம்ப்யூட்டர். ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரு பெட்டியில் கட்டி அங்கே அனுப்புவோம். அந்தப் பெட்டிக்குத்தான் கன்டெய்னர் என்று பேர். எந்தப் பெட்டி எந்த ஃபைலைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அனுமதி கொடுப்பது என் வேலை.

இதே வேலையில் மாட்டிக்கொண்டு, மணவாள நகரில் கம்பெனி பஸ் ஏறும்போதே போனில் நாலு பேரிடம் திட்டு வாங்கும் என் போன்ற ஜீவன்கள் இன்னும் இருப்பீர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சந்தனம், குங்குமம்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரே சாவிதான். சாவி என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான ஒரு வரி. அது கையில் இருந்தால் கிளவுடில் எதையும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். புதிதாக ஒரு சாஃப்ட்வேர் செய்தால் அந்த வரியை அப்படியே எடுத்து உள்ளே ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம் என்று அதைக் காகிதத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, ரூம் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். முதல் நாளே அதைக் கழற்றலாம் என்று மேனேஜரிடம் கேட்டேன், மெல்லப் பார்க்கலாம் என்றார்.

லோடு அனுப்பும் பிரிவின் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்பவர் ஏழுமலை. கடம்பத்தூர்க்காரர், சீனியர், நல்ல மனுஷர், யாருக்கு என்ன உதவி என்றாலும் முதலில் நிற்பார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர்தான் எல்லா கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். வைத்துக்கொண்டே வந்தவர், சுவரில் மாட்டியிருந்த சாவிக்கும் ஒரு பொட்டு வைத்து, கதம்பத்தில் ஒரு துண்டைக் கிள்ளிச் சொருகினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "இதை முதல்ல கழட்டணும் ஏழுமலை, நீங்க என்னடான்னா பூ வெக்கிறீங்க" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆயுதம்னா ஆயுதம்தான் சார். அது இல்லாட்டி இங்க ஒரு வேல ஓடாது."

கேட்டில் ஒரு காலை

எங்கள் கம்பெனி கேட்டில் துரை என்று ஒரு செக்யூரிட்டி. பர்மனென்ட் ஆட்களின் அட்டையில் போட்டோ, பேர், பிரிவு எல்லாம் இருக்கும். கான்ட்ராக்ட் ஆட்களின் அட்டையில் ஆளை அனுப்பிய கான்ட்ராக்டர் பேர் மட்டும்தான். காலையில் வரும்போது கேட்டில் வாங்கிக்கொண்டு, போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்கு ஒருவர் கழுத்தில் தொங்குவது நாளைக்கு வேறொருவர் கழுத்தில் தொங்கும்.

டெஸ்டிங் லேபில் ரோஸ்லின் என்று ஒரு பெண் கான்ட்ராக்டில் வந்துகொண்டிருந்தாள். கவரைப்பேட்டைக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பா அம்மா முன்பு கழனி வேலைக்குப் போனவர்கள். அப்பா இப்போது பக்கத்துக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் இவள்தான். உலையில் உருக்கும் ஒவ்வொரு தடவைக்கும் இரும்பின் பலத்தைச் சோதித்து ஒரு ரிப்போர்ட் வரும். அதைச் சரிபார்த்துக் கிளவுடில் ஏற்றுவது அவள் வேலை. நல்ல கெட்டிக்காரி. பொங்கல் கழித்து அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜரே சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, வேறு இடத்தில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று விட்டிருந்தாள்.

ஒரு நாள் எனக்கு முன்னால் கேட்டில் நின்று, "ரோஸ்லின், டெஸ்டிங் லேப்" என்று தன் பேரைச் சொன்னாள். துரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேரெல்லாம் எனுக்கு எதுக்கும்மா? எந்த கான்ட்ராக்ட், அத்தச் சொல்லு."

மேனேஜர் கேட்ட பேர்

கார்த்திகை மாதம், வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டார். லேபில் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. சமீபத்தில் ஏற்றியது மட்டும் இருந்தது, அதற்கு முன்னால் இருந்தது எல்லாம் சுத்தமாகத் துடைத்த மாதிரி போய்விட்டது. மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த இரும்புத் துண்டுகளைத் தேடி எடுத்து மறுபடி சோதித்துக் காட்டுவதற்குள் லேப் ஆட்களுக்கு உயிர் போய் வந்தது. இனி ரிப்போர்ட் கிளவுடுக்கே போக வேண்டாம், லேபிலேயே ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள் என்று அன்றைக்கே உத்தரவு வந்துவிட்டது.

யார் அழித்தது? என்னைக் கூப்பிட்டார்கள். கிளவுடைக் கேட்டால், அந்தச் சாவியோடு வந்தவர் அழித்தார் என்கிறது. அந்தச் சாவி எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது, சுவரிலும் பொட்டோடு தொங்குகிறது. "யார்னு சொல்ல முடியாது சார். சாவி எல்லார்கிட்டயும் இருக்கு, அந்தப் பொண்ணு பண்ணாள்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல" என்று எவ்வளவோ சொன்னேன். ஆனால் அந்த ஃபோல்டரில் தினமும் கை வைக்கிறவள் ரோஸ்லின்தான். அவள் கான்ட்ராக்ட் ஆள் வேறு. வேறு யாரையும் யாரும் யோசிக்கவே இல்லை. மேனேஜர் அன்றைக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை: "எல்லாரும்னா யாரும் இல்லன்னு அர்த்தம். எனக்கு மேல ரிப்போர்ட் குடுக்க ஒரு பேர் வேணும்."

பஸ் ஸ்டாப்பில்

மறுநாள் ரோஸ்லின் கேட்டைத் தாண்டவில்லை. அட்டை இல்லை என்று துரை சொல்லிவிட்டார். கான்ட்ராக்டர் போனில், "இனிமே வராத" என்று சொன்னதோடு சரி. கம்பெனி பஸ்ஸிலிருந்து நான் இறங்கியபோது எதிரே பஸ் ஸ்டாப்பில் டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தாள்.

அழவில்லை. "நான் அழிக்கல சார். உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். உள்ளே மேனேஜரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று ஏதோ சமாதானம் சொன்னேன். எனக்கே அது வெறும் பேச்சு என்று தெரிந்தது, வெட்கமாக இருந்தது. கவரைப்பேட்டை பஸ் வந்தது. படியில் காலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "தெரியும்ன்றது உங்க மனசுல இருந்தா பத்தாது சார். அத்த அவங்களுக்குக் காட்டணும்."

இட்லிக்கு அடையாளம்

அன்றைக்கே சுவரில் இருந்த சாவி அட்டையைக் கழற்றினேன். இத்தனை நாள் மெல்லப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட மேனேஜர், இந்தத் தடவை சரி என்றார். செய்தது இதுதான். எந்தப் பெட்டிக்குள்ளும் இனி சாவி கிடையாது. பெட்டி ஓட ஆரம்பிக்கும்போதே, நீ யார் என்று கிளவுட் கேட்கும். தன் பேரைச் சொல்லி அது சரிதான் என்று காட்டினால் ஒரு தற்காலிகச் சீட்டு கிடைக்கும். கொஞ்ச நேரத்தில் அது செல்லாமல் போகும், மறுபடி கேட்டு வாங்க வேண்டும். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு தன் ஃபோல்டருக்குள் மட்டும்தான் போகலாம். பக்கத்து ஃபோல்டரை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. கடைசியில் பழைய சாவியைச் செல்லாது என்று அடித்துவிட வேண்டும்.

கேட்க எவ்வளவு எளிது பாருங்கள். இந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு பெட்டியும் இத்தனை நாள் எங்கெங்கே போய் மேய்ந்துகொண்டிருந்தது என்று அதைக் கட்டியவருக்கே தெரியாது. கேட்டால் ஒருவரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். வழியை அடைத்த பிறகு மட்டும் சண்டைக்கு வருவார்கள். கேன்டீன் டோக்கன் பெட்டி ஆள் கணக்கையும் படிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. காலை நாஷ்டா நேரத்தில் டோக்கன் மிஷின் படுத்துவிட்டது. ஷிப்டு முடித்து வந்தவர்கள் தட்டோடு நின்றார்கள். கேன்டீன் நடத்தும் பள்ளிப்பட்டு ரங்கய்யா கரண்டியும் கையுமாக என் ரூமுக்கே வந்துவிட்டார்: "இன்னா நைனா பேஜாரு பண்ற? இட்லி துன்றதுக்கும் நீ யாருன்னு கேப்பியா?"

ஏழுமலை கேட்ட அனுமதி

பழைய சாவியைச் செல்லாததாக்கிய மறுநாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏழுமலை வந்தார். கோபமில்லை, உரிமையான சலிப்புதான். "சார், என்னோட கிளீனிங் வேல நேத்துலேந்து நின்னுபோச்சு. அழிக்க அனுமதி இல்லன்னு சொல்லிக்கினே கீது. அத்த கொஞ்சம் தொறந்து வுட்டுடுங்க" என்றார்.

என்ன கிளீனிங் என்று கேட்டேன். லாரியில் லோடு ஏற்றும்போது எடுக்கும் போட்டோக்களை அவர் சாஃப்ட்வேர் கிளவுடில் சேர்த்து வைக்கிறது. கிளவுட் வாடகை ஏறுகிறதென்று மேனேஜர் ஒரு மீட்டிங்கில் சத்தம் போட்டதும், பழைய போட்டோக்களைத் தானாக அழிக்க ஒரு சின்ன வேலையை எழுதி ஓட விட்டிருக்கிறார். யாரும் கேட்காமல், கம்பெனிக்கு நல்லது என்று அவராகவே செய்தது. "உங்க போட்டோ ஃபோல்டருக்கு நான் அனுமதி குடுத்திருக்கேனே ஏழுமலை, அது எப்படி நிக்கும்?" என்றேன்.

"ஃபோல்டர் பேரு நான் போடலியே சார்" என்றார். "எல்லா ஃபோல்டருக்கும் மேலயே வெச்சி, பழசு எது இருந்தாலும் எடுன்னு எழுதினேன். சாவி ஒண்ணுதானே, ஃபோல்டர் பேரு போட வேண்டிய அவசியமே வரல. இத்தினி நாளு நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு."

எப்போதிலிருந்து ஓடுகிறது என்று கேட்டேன். தீபாவளி முடிந்ததிலிருந்து, என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் மாறிவிட்டது. லேப் ரிப்போர்ட்டுகளும் அந்தப் பழசோடு சேர்ந்து போயிருந்தன; மற்றப் பிரிவுகளில் பழசை யாரும் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மெல்லக் கேட்டார்: "அப்போ அந்தப் பொண்ணு... என்னாலயா சார் போச்சு?"

ஞாயிற்றுக்கிழமை

ஏழுமலையை நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவரே நேராக மேனேஜர் ரூமுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவரை ஒன்றும் செய்யவில்லை. சீனியர், பர்மனென்ட், தெரியாமல் நடந்தது, இனி பார்த்துச் செய்யுங்கள் என்று முடித்துவிட்டார்கள். எனக்கு ஏழுமலை மேல் கோபம் இல்லை. அப்படி முடித்துவிட்டதன் மேல்தான் கோபம், இன்னும் ஆறவில்லை. ரோஸ்லினுக்கு என்ன என்று கேட்டேன். "வரச் சொல்லுங்க, பழைய மாதிரியே வரட்டும்" என்றார் மேனேஜர். பழைய மாதிரியே என்றால் கான்ட்ராக்டில். பர்மனென்ட் பேச்சையே காணோம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஏழுமலையும் கவரைப்பேட்டை போனோம். மாதா கோயிலில் பூசை முடிந்து ரோஸ்லின் அம்மாவோடு வெளியே வந்தாள். இப்போது செல்போன் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போகிறாளாம், அங்கேயும் கான்ட்ராக்ட்தான். ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு, தன் மகள் வயதுப் பெண் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான்தாம்மா பண்ணேன். தெரியாம பண்ணேன். ஆனா நான்தான்" என்றார். அவள் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. ரோஸ்லின் அவரையே பார்த்தாள். "செருப்பப் போடுங்கண்ணா, வெயிலு சுடுது" என்றாள். அவ்வளவுதான்.

நான் மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். புதுப் பூட்டு போட்டதும் யார் செய்தது என்று கம்ப்யூட்டரே காட்டிக் கொடுத்துவிட்டது, இனி உன்னை ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டேன். நல்ல சேதி கொண்டுவந்த நினைப்பு எனக்கு. அவள் துப்பட்டாவைத் தலையிலிருந்து இறக்கி, மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நான் வரல சார். நான் பண்ணலன்னு நான் சொன்னப்போ ஒருத்தரும் நம்பல, மிஷின் சொன்னதும் நம்புறாங்க. நாளைக்கு மிஷின் தப்பா சொன்னா, அப்பவும் மிஷினைத்தானே நம்புவாங்க?"

எங்கள் கம்பெனியில் இன்றைக்கு ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனிப் பேர் இருக்கிறது, பேர் சொல்லாமல் எந்தப் பெட்டியும் உள்ளே போக முடியாது. கேட்டில் துரை மட்டும் இன்னமும், எந்த கான்ட்ராக்ட் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.