பயத்தை மறைக்காத சவரிமுத்து அண்ணன்

பாச்சாங்கில் ஒரு வீட்டில் சீலிங் காற்றாடி மாட்டிக்கொண்டிருந்தபோது மேரி அண்ணி தொலைபேசியில் அழைத்தார். "செல்வி, அண்ணன் போயிட்டாரும்மா." ஏணியிலிருந்து இறங்கவே பயமாக இருந்தது. வீட்டுக்காரப் பெண்தான் கைபிடித்து இறக்கிவிட்டார்.

புலாவ் செபாங் சவரிமுத்துவை உங்களில் பலர் ஒயர்மேனாக அறிவீர்கள். ராணுவத்திலிருந்து ஓய்வுபெறுகிறவர்களுக்கு அரசு செலவில் நடக்கும் மின்வேலைப் பயிற்சியில்தான் நான் அவரைச் சந்தித்தேன். அவர் காட்டில் ரோந்து போனவர். நான் ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவள். இனி எப்படிப் பிழைப்பது என்ற கலக்கம் எல்லாருக்கும் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் செய்முறை வகுப்பில் பயிற்றுநர் அழைத்ததும் அண்ணன் எழுந்து, "என்சிக், சாயா தாக்குட்" என்றார். மலாயில், ‘ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று. வகுப்பே சிரித்தது. பயிற்றுநர் சிரிக்காமல் பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தினார். எனக்கும் அப்போதுதான் பாடம் புரிந்தது.

சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. தொழிற்சாலைகளில் வயதைக் கேட்டுவிட்டு அனுப்பினார்கள். கூடப் படித்தவர்கள் பலர் காவலாளிகளானார்கள். அண்ணனும் ஓர் அடுக்குமாடி வாசலில் நின்றார். "படிச்சது வீணாப் போயிடுமோன்னு பயமா இருக்கு செல்வி. நாமளே சொந்தமா ஒயரிங் தொழில் ஆரம்பிப்போமா?" என்று கேட்டார். எனக்கு அவரைவிடப் பயம். ஆனாலும் ஆரம்பித்தோம்.

லூபோக் சீனாவில் ஒரு துணிக்கடைக்குள் மழைத் தண்ணீர் புகுந்திருந்தது. "மெயின் சுவிட்ச அடைச்சாச்சு தம்பி, சீக்கிரம்லா, கடை தொறக்கணும்" என்றார் கடைக்கார பாய். கணுக்கால் தண்ணீரில் நின்று நான் சுவிட்ச் பெட்டியை நோக்கிக் கை நீட்டினேன்.

"கைய எடு!" என்று அண்ணன் கத்தினார். பிறகு பாயிடம், "நான் பயந்தாங்கொள்ளி பாய். இன்னொரு தடவ பாத்துக்கிறேன்" என்று டெஸ்டரை வைத்தார். அதன் விளக்கு எரிந்தது. பக்கத்துக் கடையிலிருந்து யாரோ எப்போதோ இழுத்திருந்த ஒயரில் மின்சாரம் வந்துகொண்டிருந்தது. பாய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திரும்பும் வழியில் செம்பனைத் தோட்டத்தின் ஓரம் அண்ணன் வேனை நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். "இப்பத்தான் பயம் வருது" என்றார்.

போன வாரம் அண்ணனின் இதய அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் பழைய படை நண்பர்கள் மருத்துவமனைக்கு வந்து, "நீ சோல்ஜர்லா, ஒண்ணும் ஆகாது" என்று தட்டிக்கொடுத்துப் போனார்கள். அவர்கள் போனதும் அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்து, "கொஞ்சம் இரு மேரி, பயமா இருக்கு" என்றார். அதுவரை அடக்கிவைத்திருந்த அண்ணி உடைந்து அழுதார். "எனக்கும்தான்." அதன்பிறகு இருவரும் மகளைப் பற்றி, வீட்டைப் பற்றி, அவர் இல்லாமல் போனால் என்ன என்பதைக்கூடப் பேசினார்கள். நான் வெளியே வந்து நின்றேன். மறுநாள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, வெட்கமில்லாமல் பயத்தைச் சொல்லிவிடும் அந்தப் பழக்கத்தை. அடுத்த வேலைக்குத் தனியாகப் போகவேண்டும். "பயமா இருக்கு அண்ணி" என்று நேற்றுச் சொன்னேன். கறுப்புச் சேலையில் இருந்த அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தன மணிக்குக் கெளம்பணும்? நானும் வந்து பக்கத்துல நிக்கிறேன்."