இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் போகும் கார்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ரேடியோ திருத்துகிறவளுக்கு எழுத்து வேலை எதற்கு என்று கேட்பீர்கள். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஈயத்தை உருக்கி வயர் ஒட்டும் சோல்டர் பிடிக்கத் தமிழ்நாட்டு அகதி முகாமில் பழகினேன். சொந்த ஊரான விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்தபின் அக்கா குடும்பத்தோடு ஒரு தகரக் கொட்டிலில் இருந்தேன். அத்தானுக்குக் கடற்றொழில். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் அவருடைய பெயர் வந்திருந்தது. ஆனால் காணி அவருக்கும் வெளிநாட்டில் இருந்த தமையனுக்கும் பொதுவானது. தமையன் கையெழுத்து வைத்தால்தான் கல்வீடு.

அத்தான் தொலைபேசியில் கேட்டார். தமையன் சிரித்தாராம். "அடுத்த மாசம் வாறன். முதல்ல கார் ஓட்டத்தில என்னை வெண்டு காட்டு, பிறகு கையெழுத்தைக் கேள்."

இளவயதில் அவர்களிடம் ஒரு கம்பியூட்டர் இருந்தது. திரை இல்லாத பழைய மாதிரி, கீபோர்ட் மட்டும்தான். அதை டிவியில் செருகி கார் ஓட்டப் பந்தயம் விளையாடுவார்கள். எப்போதும் தமையனே வெல்வார். போரில் இடம்பெயர்ந்தபோது அது நானாட்டானில் ஓர் உறவுக்காரர் வீட்டில், நெல்மூட்டைகளுக்குப் பின்னால் தங்கிவிட்டது. அத்தான் பகிடியை வேடிக்கையாக எடுக்கிற ஆள் இல்லை. போய் எடுத்து வந்தார்.

கம்பியூட்டர் வேலை செய்தது. காரைத் திருப்பும் ஜோய்ஸ்டிக்கின் தடி முறிந்திருந்தது. அதைக் கேள்விப்பட்ட தமையன் புதுக் கொன்ட்ரோலர் ஒன்றைப் பொதியில் அனுப்பினார். அதன் பிளக் எந்த ஓட்டைக்கும் பொருந்தவில்லை.

இரண்டையும் திறந்து பார்த்தேன். பழையது வெறும் சுவிட்சுகள்தான். மேல், கீழ், இடம், வலம், சுடுவதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர். புதியதுக்குள் ஒரு சிப் இருந்தது. அது பேசும் பாஷை பழையதுக்கு விளங்காது. அதனால் சிப்புக்குப் போகும் செப்புக் கோடுகளைச் சவர பிளேட்டால் வெட்டிவிட்டு, புதிய பட்டன்களுக்கு அடியில் பழைய வயர்களை ஒட்டினேன். பழைய பிளக் அப்படியே இருந்தது. மூன்று நாள் பிடித்தது.

அத்தான் ஓட்டினார். கார் உடனே பாதையின் கரையில் மோதியது.

"மச்சாள், வயரை மாத்தி ஒட்டிப்போட்டீர்."

மீற்றர் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிறகு அவருடைய கையைப் பார்த்தேன். வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இடப்பக்கம் அழுத்தினார். அத்தான் தினமும் பிடிக்கும் படகு இஞ்சினின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். கையைத் திருத்த முடியாது. வயரைத் திருத்தினேன், இடத்தை வலமாக. அதன்பிறகு கார் கரையைத் தொடவில்லை.

தமையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். முதலில் அவர் ஓட்டினார். மோதினார். மூன்று தரமும் மோதினார்.

"என்னடா கறுமம் இது! இஞ்சால அழுத்த அங்கால போகுது."

"கடலில எல்லாம் அப்பிடித்தான் அண்ணை."

"நான் என்ன மீனோ பிடிக்கிறன்?"

அத்தான் வாங்கி ஓட்டினார். வென்றார். அக்கா தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றாள்.

ஆட்கள் வந்தால் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அன்றும் அதற்குத்தான் எழும்பினேன். வாய் வேறு வேலை செய்தது.

"பெரியத்தான், வயரை நான்தான் மாத்தினனான். அத்தானுக்கு இஞ்சின் பிடிச்ச கை. கால் மணித்தியாலத்தில திருப்பி ஒட்டித் தாறன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தேவையில்லை. கல்வீடு போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

பெரியத்தான் கொன்ட்ரோலரைப் புரட்டிப் பார்த்தார். "நான் அனுப்பினதுதானே? வெட்டிப்போட்டீங்களோ?"

"ஓம்."

தம்பியிடம் திரும்பினார். "எவ்வளவு காலமா இஞ்சின் பிடிக்கிறாய்?"

அத்தான் யோசித்தார். "நீங்க வெளிநாடு போனதிலயிருந்து."

பெரியத்தான் வயரைத் திருப்ப வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு மறுபடி ஓட்டினார். தேத்தண்ணி ஆறும்வரை ஓட்டினார். ஒரு தரமும் வெல்லவில்லை.

அடுத்த நாள் திங்கட்கிழமை. இருவரும் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். அடையாள அட்டைப் பிரதி கேட்டார்களாம். அதை எடுக்க ஒருதரம் திரும்பி வந்தார்கள். பின்னேரம் பெரியத்தான் கையெழுத்தை வைத்தார்.