கடலுக்கு முதுகு காட்டினேன்

இன்று மரக்காணத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளைத் தாண்டி, ஆளே இல்லாத ஒரு கடற்கரைக்குப் போய்வந்தேன். என்ன அலை! மதராஸில் படித்தபோது பார்த்த கடல் இதற்கு முன்னால் வெறும் குளம்.

செஞ்சியில் என்னோடு வேலை பார்க்கும் ரஷீதா டீச்சரும் வந்திருந்தார். அவர் கடலைப் பார்ப்பது இதுதான் முதல் முறை.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருவர், "கால நனைச்சுக்கம்மா. ஆனா கடலுக்கு முதுகு காட்டாத, அதுக்குக் கோவம் வரும்" என்றார்.

"கடலுக்கு ஏதம்மா கோபம்?" என்றேன்.

எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கினால் படியைப் பார்த்துத்தான் நிற்போம். அந்தப் பழக்கத்தில் கரைப் பக்கம் திரும்பி, குனிந்து கால் கழுவினேன்.

ஒரே அடி. எழுந்தபோது வாயில் மணல் இருந்தது, மூக்குக்கண்ணாடி இல்லை. அது இல்லாமல் எனக்குக் கரும்பலகையே தெரியாது. நாளை காலை வகுப்பு.

"டீச்சர், உங்களுக்கு சயின்ஸ் தெரியும். அலைக்குத் தெரியலையே!" என்றார் ரஷீதா.

அந்தப் பெண் ஓடிவந்து, பின்வாங்கும் நீரில் காலால் துழாவினார். மூன்றாவது அலை போனதும் கண்ணாடியை மணலிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இன்னாம்மா, இப்பனாச்சும் நம்புறியா?"

"இல்லை" என்றேன். முதுகுக்குப் பின்னால் வரும் அலை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

ஆனாலும் தோப்பு வரைக்கும் கடலைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தேன். ரஷீதா சிரிப்புத் தாங்காமல் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கடலோர ஊர்த் தோழிகளே, நீங்களெல்லாம் எப்படி வீடு திரும்புகிறீர்கள்?